பொறுமை இல்லையாம் எங்களுக்கு

இளம் ஆராய்ச்சியாளர்களைப் பற்றி ஒரு பெரியவர் பேசிய அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். "இப்பத்த பிள்ளைங்களுக்குப் பொறுமையே இல்ல. சேர்ந்த ரெண்டாம் மாசமே தனி லேப் வேணும்ங்கிறாங்க. ஆராய்ச்சிக்கு ஒரு பசி வேணும்" என்று அந்தப் பெரியவர் மேடையில் சொன்னதையும் கேட்டேன், அதற்கு அரங்கில் எழுந்த சிரிப்பையும் கேட்டேன். அவர் பேச்சைக்கூட விட்டுவிடலாம். முன்வரிசையில் கைதட்டியவர்களில் மூன்று பேர் என் வயதுக்காரர்கள். ஒரு காலத்தில் கேன்டீனில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து புலம்பியவர்கள்.

தனி லேப் யாரும் கேட்கவில்லை சார். கேட்பது கையெழுத்து. ஆராய்ச்சிக்காகத் தன் பெயரில் வந்த பணத்தைத் தன் கையெழுத்தில் செலவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு கணக்கு. இன்ஸ்பயர் ஃபேக்கல்டி என்று இளம் விஞ்ஞானிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. பொதுப் பிரிவுக்கு 32 வயது வரம்பு. மாதம் 1,25,000 ரூபாய், அதோடு ஆராய்ச்சிச் செலவுக்கு ஆண்டுக்கு 7 லட்சம், ஐந்து ஆண்டுகள். காகிதத்தில் ராஜ மரியாதைதான். ஆனால் ஆய்வு மாதிரிகளை வைக்க ஒரு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் வாங்கினாலே முதல் ஆண்டுப் பணம் ஏறக்குறைய முடிந்துவிடும். ஐந்து ஆண்டு முடிந்தபின் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. நடுவில் இதில் சேர்ந்தவர்கள் யார்? ஆசிரியரா, மாணவரா, விருந்தாளியா? பல இடங்களில் அலுவலகத்துக்கே தெரியாது. அதனால் எல்லாக் காகிதமும் ஒரு மூத்த பேராசிரியரின் கையெழுத்தைத் தேடிப் போகும்.

நான் வாங்கியது வேறொரு திட்டம், பெயர் வேண்டாம். எனக்குக் கிடைத்தது இன்னொருவர் லேபில் முக்கால் பென்ச் (ஆய்வு மேஜை). மீதிக் கால்வாசியில் அவர் மாணவர்களின் தண்ணீர் பாட்டில்கள். ஒரு ஆகஸ்ட் மாதம் 38,000 ரூபாய்க்கு ஒரு என்சைம் கேட்டு ஃபைல் போட்டேன். அதற்கு ஏழு கையெழுத்து வேண்டும். இரண்டாவது கையெழுத்துக்காரர் இரண்டு மாதம் அமெரிக்காவில். கெட்ட மனிதர் இல்லை, ஊருக்குப் போவதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பார்சல் ஒருவழியாக ஜனவரியில் வந்தது, அதுவும் பொங்கல் விடுமுறையில். விடுமுறை முடிந்து நான் போனால் வாட்ச்மேன் அண்ணன் சிரித்த முகத்தோடு, "பத்திரமா வெச்சிருக்கேன் மேடம், வெயில் படல" என்று மேஜைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தார். மைனஸ் 20 டிகிரியில் இருந்திருக்க வேண்டிய பொருள். ட்ரை ஐஸ் எப்போதோ ஆவியாகிவிட்டிருந்தது. அவரை என்ன சொல்ல முடியும்? நன்றி சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன் என்பதை இன்றுதான் சொல்கிறேன்.

அக்கவுண்ட்ஸில் கேட்டது ஒரே கேள்வி. "பொருள் வந்துச்சில்ல மேடம்? அப்ப யூசி போட்டுடலாம்." யூசி என்றால் பணத்தைச் செலவழித்துவிட்டோம் என்று கொடுக்கும் பயன்பாட்டுச் சான்றிதழ்.

உடனே ஒரு கமெண்ட் வரும், தெரியும்: 'பொதுப் பணம், கணக்கு வேண்டாமா?' வேண்டும். ஐந்து ஆண்டும் பைசா விடாமல் கணக்குக் கொடுத்தவள் நான். கணக்குக் கேட்பது வேறு, கையைக் கட்டுவது வேறு. 2025 ஜூனில் விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அறிவியல் கருவிகளையும் ரசாயனங்களையும் அரசின் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டலுக்கு வெளியேயும் வாங்கலாம் என்றார்கள். நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த அதிகாரம் யாருக்கு? இயக்குநருக்கும் துணைவேந்தருக்கும். பேனா ஒரு மாடி மேலேயே இருக்கிறது. (2022 ஜூலையில் ஆராய்ச்சிக் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகையை எடுத்து 18 ஆக்கியதைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. பேசினால் பதிவு முடியாது.)

அடுத்த கமெண்ட்டும் தெரியும். 'ராமானுஜனுக்கு என்ன லேப் இருந்தது?' ஐயா, ராமானுஜன் துறைமுகத்தில் குமாஸ்தாவாக வாங்கிய சம்பளம் மாதம் 30 ரூபாய். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்த ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு! மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுத்தால் போதும். இன்றைக்குக் குமாஸ்தா சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு ஸ்காலர்களுக்குக் கொடுங்கள், நானும் ராமானுஜனைப் பற்றிப் பேசுகிறேன். ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதத்துக்கு 2014இல் 25,000, 2019இல் 31,000, 2023இல் 37,000. 2019 உயர்வுக்கு முன்னால் ஆராய்ச்சி மாணவர்கள் வீதிக்கு வந்து கத்த வேண்டியிருந்தது. அந்தத் தொகையும் ஒழுங்காக மாதாமாதம் வந்தால்தான். பசி வேண்டும் என்கிறார் அல்லவா, மூன்று மாதம் ஸ்டைபண்ட் வராத ஹாஸ்டல் பையனிடம் போய்ச் சொல்லட்டும். பசி நிறையவே இருக்கிறது.

'வழிகாட்டியே வேண்டாம் என்கிறீர்களா?' என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். இல்லை தம்பி. 1952இல் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு முதலில் அழைத்தது சி.வி. ராமனை. ராமன் தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைக் காட்டிவிட்டார். ராமச்சந்திரனுக்கு அப்போது ஏறக்குறைய முப்பது வயதுதான், துறைத் தலைவர்! பக்கத்திலேயே தோல் (லெதர்) ஆராய்ச்சி நிறுவனம் இருந்ததால், தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து நேச்சர் என்ற அறிவியல் இதழில் கொலாஜனின் அமைப்பைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரையில் ராமன் பெயர் இல்லை. வழிகாட்டி என்றால் எனக்கு அதுதான் இலக்கணம். காட்டிவிட்டு விலகிப் போனார்.

எனக்கும் அப்படி ஒரு சார் இருந்தார். நான் தனியாகச் செய்த முதல் வேலையை எழுதி, பழக்கதோஷத்தில் கடைசியில் அவர் பெயரைப் போட்டுக் கொண்டுபோனேன். பச்சை மை பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்துவிட்டு, "இதுல நான் எங்கம்மா இருக்கேன்?" என்றார். அப்புறம் காபி வாங்கிக் கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்குக் கிடைத்த பரிசையும் சொல்லிவிடுகிறேன். அந்த பேப்பர் வருவதற்கு முன் ஓர் இன்டர்வியூவில், "கைடு பெயர் இல்லாம ஒரு பேப்பர் கூட இல்லையே" என்றார்கள். சரி என்று அடுத்த இன்டர்வியூவுக்கு இந்த பேப்பரோடு போனால், "உங்க கைடோட சண்டையா?" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். மேடையில் கேட்ட அதே சிரிப்பு.

'வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாமே' என்பவர்களுக்குப் பதில் கிடையாது. போனேன், வந்தேன். வந்ததுதான் குற்றம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

என்னோடு அதே ஆண்டு அதே ஃபெல்லோஷிப் வாங்கியவன் ஒருவன் இருந்தான். எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரன். இப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நீட் பயாலஜி எடுக்கிறான். நன்றாகச் சம்பாதிக்கிறான், அதில் எனக்குச் சந்தோஷம்தான். போன மாதம் போனில் பேசும்போது, "அந்த ஃப்ரீசர் இன்னும் வராந்தாவுலதான் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது. அதில் இன்னும் அவன் கையெழுத்தில் லேபிள் ஒட்டிய டியூபுகள் ஒரு பெட்டி இருக்கின்றன. எடுத்துப் போட எனக்குத்தான் மனம் வரவில்லை. அவனுக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

இவ்வளவு எழுதிவிட்டு நிமிர்ந்தால் மேஜையில் ஒரு படிவம் கிடக்கிறது. என் மாணவி செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து வைத்தது, அவள் ஸ்டைபண்டுக்கான மாதாந்திரச் சான்று. கைடு கையெழுத்து என்ற இடம் காலியாக இருக்கிறது. இன்று சனிக்கிழமை. அவள் ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தவில்லை.

போட்டுவிட்டேன். அவளுக்கு போன் செய்துவிட்டு வருகிறேன், கமெண்டுகளுக்கு அப்புறம் பதில்.