எட்டு கிலோமீட்டர் மைலேஜ் என்றால் வண்டியில் கோளாறா?

பெரிய டீசல் எஸ்யூவி லிட்டருக்கு எட்டுதான் தருகிறது, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பாருங்கள் என்கிறது ஒரு கட்டுரை. அவசரப்பட வேண்டாம். முதலில் அளவை சரியாக எடுங்கள். டேஷ்போர்டு காட்டும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமானது. ஒரே பங்க்கில் பம்ப் முதல் முறை தானாக நிற்கும் வரை நிரப்பி, 400 கிலோமீட்டராவது ஓட்டி, மறுபடி அதே மாதிரி நிரப்பி வகுத்துப் பாருங்கள். 412 கிலோமீட்டருக்கு 46 லிட்டர் பிடித்தால் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலில் இரண்டு டன் வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுத்தால் அவ்வளவுதான் வரும். குட்டி ஓட்டமாகவே ஓடினால் டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சேர்ந்த கரியை எரிக்கவும் கூடுதல் டீசல் போகும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆடிக்காற்றில் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் வரும்போது மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறீர்கள், எதிர்க்காற்று 30 என்றால், காற்றுத்தடை ஏறக்குறைய இரு மடங்கு. அங்கே 65-க்கு இறக்கினால் டீசல் மிச்சமாவது தெரியும்.

படகு டிரெய்லர் இழுப்பவர்கள் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, சக்கர ஹப்பைக் கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கம் பிரேக் ஒட்டுகிறது, அல்லது பேரிங் போகிறது. உப்புத்தண்ணீரில் இறக்கிய டிரெய்லரை நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் வேறென்ன நடக்கும்? மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு வண்டியின் இழுவைக் கொக்கி மேல் இருக்கட்டும். 1,200 கிலோவுக்கு 120. குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஏற்றத்தில் கியர் மாறி மாறி விழுந்தால் மேனுவல் மோடில் ஒரு கியர் குறைத்துப் பிடியுங்கள்.