தூங்குவதுபோல் காட்டிக்கொள்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பாட்டு என்றாலே, கோட்டு போட்ட ஒரு டெனர் (உச்சக் குரல் ஆண்) பாடகர் கையை விரித்து உச்சஸ்தாயியில் 'ஓ சோலே மீயோ' பாடுவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். 1898இல் வந்த அந்தப் பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ஊரின் பிரிவுப் பாடல்களையும் அதே மாதிரி தொண்டையைத் திறந்து முழங்கும்போது மனசு கேட்பதில்லை. அவற்றில் எனக்கு மிக நெருக்கமானது, ராத்திரியில் அடுத்தவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று ஒருவன் பாடுவது.

'வோச்சே எ நோத்தே'. இரவில் ஒரு குரல். எழுதியவர் எதோவார்தோ நிக்கொலார்தி, இசை எர்னெஸ்தோ தெ குர்திஸ். நிக்கொலார்தி விரும்பிய பெண்ணை, வசதியும் வயதும் கூடிய ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்த வலியில் பிறந்த பாட்டு.

அவள் கணவனின் அணைப்பில் படுத்திருக்கிறாள். இவன் தெருவில். இந்தக் குரல் உன்னை எழுப்பிவிட்டால் விழித்திரு, ஆனால் அசந்து தூங்குவதுபோல் காட்டிக்கொள் என்கிறான். ஜன்னல் பக்கம் வராதே, இது யார் குரல் என்று உனக்கே தெரியும் என்கிறான். வெட்கத்தோடு நாம் இரண்டு பேரும் 'வாங்க, போங்க' என்று பேசிக்கொண்ட காலத்தில் இருந்த அதே குரல்தானாம்.

இந்த இடத்தை என்னால் சும்மா கடக்கவே முடிவதில்லை. பாட்டில் இங்கே வரும் 'வுயெ' நேப்பிள்ஸ் மொழியின் மரியாதைப் பன்மை, நம் 'நீங்க' மாதிரி. 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று நினைவு வைத்திருக்கும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு இன்னும் ஒரு படி போகிறான். முத்தமிடத் தோன்றினால் பக்கத்தில் இருப்பவருக்கே கொடு, என்னைப் பற்றி உனக்கென்ன? இதைப் போய் எப்படி உரக்கப் பாடுவது?

எல்லாப் பாட்டும் ஜன்னலடியில் நிற்பதில்லை. பிழைப்புக்காகக் கப்பலேறிய லட்சக்கணக்கான தென் இத்தாலியர்களுக்கு ஊரே பிரிந்த காதலியாகிவிட்டது. 1919இல் ஏ. ஆ. மாரியோ எழுதிய 'சாந்தா லுச்சியா லுந்தானா' அவர்களுடைய பாட்டு. உலகத்தையே சுற்றி வந்தாலும், நிலா எழும்போது நேப்பிள்ஸைவிட்டு விலகி இருக்க முடியவில்லை என்கிறது. நன்றிகெட்ட நெஞ்சே என்று காத்தரீ என்ற பெண்ணைப் பார்த்துப் புலம்பும் 'கோரே ங்க்ராத்தோ' பிறந்ததே 1911இல், அமெரிக்காவில் குடியேறியவர்கள் நடுவில்தான். புகழ்பெற்ற டெனர் கரூசோ அதைப் பெரிய குரலில் பாடினார். அது சரி, கோபத்துக்குப் பெரிய குரல் பொருந்தும்.

'வோச்சே எ நோத்தே'க்கு நேப்பிள்ஸ் பாடகர் ரொபெர்த்தோ முரோலோவைக் கேளுங்கள். ஒரு கித்தார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல், அவ்வளவுதான். நிக்கொலார்தி விரும்பிய பெண் பின்னால் விதவையானார், இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அது தெரிந்த பிறகும், முரோலோ அந்த 'வுயெ'வுக்கு வரும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.