சுல்தானா வேடத்தில் பொம்பதூர் சீமாட்டி

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய உருவப்படங்களில் சீமாட்டிகள் துருக்கி உடையில் சாய்ந்திருப்பதைப் பார்த்ததும் "என்ன அழகு!" என்று பகிர்கிறவர்கள் நிறைய. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உடையை யார், எதற்காகப் போட்டுக்கொண்டார்கள் என்று கேட்காமல் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

பிரெஞ்சு மன்னர் 15ஆம் லூயியின் ஆசைநாயகி பொம்பதூர் சீமாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1750களின் நடுவில், பெல்வ்யூ மாளிகையில் துருக்கி பாணியில் அமைத்த தன் படுக்கையறைக்காக ஓவியர் கார்ல் வான் லோவிடம் ஓவியங்கள் வரையச் சொன்னார். அவற்றில் ஒன்று இன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சுல்தானா, அதாவது சுல்தானின் அந்தப்புரத்துச் சீமாட்டி, கருப்பினப் பணிப்பெண் கொண்டுவரும் காப்பியை வாங்குகிறாள். சுல்தானாவுக்கு பொம்பதூரின் சாயல். அவரும் துருக்கிக்குப் போனதில்லை, வரைந்தவரும் போனதில்லை.

அந்த நேரத்தில் மன்னருக்கும் அவருக்குமான படுக்கையுறவு முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தோழியாக, ஆலோசகராக அரண்மனையில் நீடித்தார். பட்டத்து ராணி உயிரோடு இருக்கும்போது ராணிக்கோலத்தில் படம் எழுதிக்கொள்ள முடியுமா? சுல்தானா என்றால் முடியும். அந்தப்புரத்தில் முதலிடம் எனக்குத்தான் என்று சொன்ன மாதிரியும் ஆயிற்று, யாரும் வாய் திறக்கவும் வழியில்லை. பிரபுக்குலத்தில் பிறக்காத ஒரு பெண்ணின் அந்தச் சாமர்த்தியத்தை நான் உண்மையாகவே மதிக்கிறேன்.

ஆனால் அந்தக் கருப்பினப் பெண்? எஜமானியின் வெண்மையை எடுத்துக்காட்டவே அங்கே நிற்கிறாள். அவளுக்குப் பெயர் கிடையாது. துருக்கிப் பெண்களுக்கோ அந்தப் படத்தில் இடமே இல்லை. பிரிட்டிஷ் தூதரின் மனைவியாக 1717இல் இஸ்தான்புல்லில் வாழ்ந்த மேரி வோர்ட்லி மாண்டகு, அங்கே மனைவியின் சொத்து அவள் கையிலேயே இருப்பதைக் கண்டு எழுதினார். உள்ளே போகாமலேயே அந்தப்புரத்தைப் பற்றிக் கதைகட்டிய பயணிகள்மேல் அவருக்குக் கடும் கோபம்.

அப்புறம் ழான்-எத்தியன் லியோதார். ஜெனீவாக்கார ஓவியர். 1738 முதல் 1742 வரை இஸ்தான்புல்லில் இருந்தவர். தாடியும் துருக்கி உடையுமாக ஐரோப்பா திரும்பி, "துருக்கி ஓவியர்" என்று பெயர் வாங்கினார். அது விளம்பரமும்தான், சரி. ஆனால் துருக்கி உடையில் ஓர் ஐரோப்பியப் பெண்ணும் பணிப்பெண்ணும் குளியலறையில் நிற்கும் அவருடைய பேஸ்டல் (வண்ணக்கட்டி) ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். காலில் உயரமான மரக்கட்டைச் செருப்பு. விரல் நுனிகளில் மருதாணிச் சிவப்பு. உடையின் மடிப்பு ஒவ்வொன்றும் துணியின் கனத்துக்கு ஏற்ப விழுகிறது. பணிப்பெண்ணுக்கும் அதே கவனம் கிடைத்திருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்தவனின் கை அது.

1756இல் திருமணம் ஆனதும் லியோதார் தாடியை எடுத்துவிட்டார். அவருக்கும் அது கழற்றி வைக்கக்கூடிய கோலம்தான். ஆனாலும் அவரையும் வான் லோவையும் ஒரே மூட்டையில் கட்டி "ஓரியண்டலிசம்" (கிழக்கைத் தன் கற்பனைக்கு ஏற்றபடி காட்டும் ஐரோப்பியப் பார்வை) என்று முத்திரை குத்துவதை நான் ஏற்கமாட்டேன். வான் லோவின் சுல்தானாவை "அந்தக்காலத் துருக்கி வாழ்க்கை" என்ற தலைப்போடு யார் பகிர்ந்தாலும் சண்டைக்கு வருவேன். அதில் இருப்பது பிரெஞ்சு மன்னரின் வெர்சாய் அரண்மனை அரசியல்.