குப்பை எங்கே, ஆச்சி?

தம்பி: ஆச்சி, இந்தக் கரையில் கிடந்த குப்பையெல்லாம் எங்கே போயிற்று?

ஆச்சி: நேற்றே அள்ளிவிட்டோம், தம்பி. சனிக்கிழமை காலையில் பாளையங்கோட்டையிலிருந்து அறுபது பிள்ளைகளும் ஒரு பெரிய மனிதரும் எங்கள் துறைக்கு வருகிறார்கள் என்று நீங்கள்தானே சொல்லியனுப்பினீர்கள்? விருந்தாள் வருகிற வீட்டைக் கூட்டாமல் போட்டு வைப்பார்களா?

தம்பி: நாங்கள் வந்திருப்பதே கூட்டுவதற்குத்தான், ஆச்சி!

ஆச்சி: வந்த விருந்தாளின் கையில் விளக்குமாற்றைக் கொடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

தம்பி: உங்களுக்குப் புரியவில்லை. இன்று செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கி, இப்போது எத்தனையோ நாடுகளில் இந்த நாளில் கடற்கரைக் குப்பையைப் பொறுக்கி, என்னென்ன கிடைத்தது என்று எண்ணிப் படிவத்தில் எழுதுகிறார்கள். நாங்கள் 500 கிலோ என்று பேனரிலேயே அச்சடித்துவிட்டோம்.

ஆச்சி: பொறுக்குவதற்கு முன்பே எடை போட்டாகிவிட்டதா? மீன் ஏலத்தில்கூட வள்ளம் கரையேறிய பிறகுதான் விலை கேட்பார்கள். அது போகட்டும், எண்ணியா எழுதுவீர்கள்? 2025-ஆம் ஆண்டு மே மாதம் கொச்சிக்கு அப்பால் கப்பல் மூழ்கியபோது, என் மகள் வாழ்க்கைப்பட்டிருக்கிற கன்னியாகுமரிக் கரையில் சவ்வரிசி போல வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. நானும் போய் அரிப்பை வைத்து மணலைச் சலித்தேன். அடுத்த முறை அதை எண்ணுவதற்கு உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். படிவமும் கூடுதலாகக் கொடுத்து அனுப்புங்கள்.

தம்பி: நேற்று எவ்வளவு குப்பை எடுத்தீர்கள், ஆச்சி? ஒரு தோராயமாகச் சொன்னால் போதும்.

ஆச்சி: பத்துப் பெண்கள், மீன் விற்றுவிட்டு வந்து, மூன்று மணி தொடங்கிப் பொழுது மயங்கும் வரை பனையோலைக் கடவப்பெட்டியில் பெட்டி பெட்டியாகச் சுமந்தோம். பாதிக்கு மேல் தங்கூசி என்கிற நைலான் நரம்பு வலையின் அறுந்த துண்டுகள். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மறுமுனை எங்கே இருக்கிறதென்று கடலுக்கே தெரியாது. மணலைத் தோண்டித் தோண்டி, கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். தண்ணீருக்குள் இதில் மாட்டிக்கொண்ட ஆமை மூச்சு விட மேலே வர முடியாமல் செத்துப்போகும். தை பிறந்துவிட்டால் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும், அதற்குள் எடுத்தாக வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. அமெரிக்காக்காரன் சொன்ன சனிக்கிழமைக்காக ஆமை காத்திருக்காது.

தம்பி: அந்த மூட்டைகள் இப்போது எங்கே?

ஆச்சி: லோடு ஆட்டோ பிடித்து ஊராட்சிக் கொட்டகையில் இறக்கிவிட்டோம். வாடகை 600 ரூபாய், ஆளுக்கு 60.

தம்பி: (குரலைத் தாழ்த்தி) அதில் ஒரு பத்து மூட்டையை மட்டும் திரும்பக் கொண்டுவர முடியுமா?

ஆச்சி: எதற்கு?

தம்பி: லேசாகப் பரப்பிவிட்டால் பிள்ளைகள் பொறுக்கிக்கொள்வார்கள்.

ஆச்சி: உங்கள் வீட்டில் தேய்த்த சட்டிக்குக் கரி பூசி மறுபடியும் தேய்ப்பீர்களா? சரி, கேட்டுவிட்டீர்கள். கொண்டுவர 600, பரப்பக் கூலி தனி, திரும்பக் கொண்டுபோக 600. பொறுக்குகிற கூலியை மட்டும் உங்கள் பிள்ளைகள் இலவசமாகச் செய்வார்கள் என்பதால் கழித்துக்கொள்ளலாம்.

(கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தம்பி பர்ஸை எடுத்து உண்மையாகவே எண்ணிப் பார்த்தார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.)

தம்பி: ஆச்சி, கொண்டுபோகும் செலவு வேண்டாம். மூட்டையைக் கட்டி இங்கேயே வைத்துவிட்டால் லாரி வந்து எடுத்துக்கொள்ளும்.

ஆச்சி: சென்ற ஆண்டும் இதையேதான் சொன்னீர்கள்.

தம்பி: சென்ற ஆண்டு வந்தவர்கள் நாங்கள் இல்லை.

ஆச்சி: ஆமாம், சட்டையின் நிறம் வேறு. மூட்டைகளை அடுக்கி, அதன் பின்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள். லாரி ஐப்பசியில் வரவில்லை, தையிலும் வரவில்லை. சித்திரை மாதம், இங்கே காற்றுமில்லை மழையுமில்லை, எங்கோ தெற்கே நடுக்கடலில் அடித்த புயலின் அலை இங்கே வந்து ஏறியது. அதைக் கள்ளக்கடல் என்போம். வந்த கள்ளக்கடல் அத்தனை மூட்டைகளையும் வாரிக்கொண்டு போய், பிரித்து, பக்கத்து ஊர் வரைக்கும் பங்கு வைத்தது. மூட்டையை எடுத்துப் போன கடல் கள்ளன் என்றால், வைத்துவிட்டுப் போனவர்களுக்கு என்ன பெயர், தம்பி?

தம்பி: (தயங்கி) தன்னார்வலர்கள்.

ஆச்சி: ஏலே! ஏலே! அந்தக் கொடியை விடு! தம்பி, அந்தப் பையனை முதலில் கூப்பிடுங்கள்.

தம்பி: அவன் களையைத்தான் பிடுங்குகிறான், ஆச்சி. எடைக்குச் சேருமே என்று நான்தான் சொன்னேன்.

ஆச்சி: அது அடம்பு, தம்பி. பக்கத்து ஊரில் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட நாளிலிருந்து மணல் அங்கே சேருகிறது, இங்கே அரிக்கிறது. அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் வள்ளம் நிறுத்த இடம் வேண்டும். அதனால்தான் கணு கணுவாக அடம்பை வெட்டிக்கொண்டு வந்து புதைத்து, ஆடு மேயாதபடி பனைமட்டையால் வேலி கட்டி, இரண்டு வருடம் பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தோம். கணுவுக்குக் கணு வேர் இறங்கி மணலைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் அடுத்த கள்ளக்கடல் என் அடுப்படிக்கு வரும். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

தம்பி: மன்னித்துவிடுங்கள். மறுபடியும் நடச் சொல்கிறேன்.

ஆச்சி: தலைகீழாக நட்டுவிடப் போகிறார்கள், நானே நட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் பசியாறிவிட்டார்களா?

தம்பி: இட்லிப் பொட்டலம் கொடுத்துவிட்டோம்.

ஆச்சி: தெரிகிறது. பிளாஸ்டிக் தாளில் இட்லி, பிளாஸ்டிக் பையில் சாம்பார், இன்னொரு பையில் சட்னி. 2019 ஜனவரி 1-ஆம் தேதி முதல் 14 பொருள்களுக்குத் தடை என்று சொல்லி, பூக்காரப் பெண்ணிடமிருந்து பைக்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். உங்கள் பேருந்துக்கு அந்தச் சட்டம் ஏறவில்லையா? சரி, கவலையை விடுங்கள்; அறுபது பிள்ளைகளின் பொட்டலத்தையும் தண்ணீர்ப் பாட்டிலையும் சேர்த்தால் இப்போது உங்களுக்குக் குப்பை கிடைத்துவிட்டது.

தம்பி: (தராசைப் பார்த்து) ஏழு கிலோகூட வரவில்லை, ஆச்சி.

ஆச்சி: மத்தியானச் சாப்பாட்டையும் இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி: சிறப்பு விருந்தினர் உவரியில் கப்பல் மாதா கோயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாராம். இன்னும் சிறிது நேரத்தில் வந்துவிடுவார். உங்கள் பத்துப் பேருக்கும் அவர் கையாலேயே சான்றிதழ் கொடுக்கச் சொல்கிறேன்.

ஆச்சி: எதற்கு? நாங்கள்தான் உங்கள் குப்பையைத் திருடிவிட்டோமே.

தம்பி: அப்படிச் சொல்லாதீர்கள். நல்ல தாளில் அச்சடித்து, உப்புக்காற்றில் கெட்டுப்போகாமல் இருக்க லேமினேட் செய்திருக்கிறோம்.

ஆச்சி: எத்தனை அடித்தீர்கள்?

தம்பி: நூறு.

ஆச்சி: அதையும் தராசில் வையுங்கள், தம்பி.