பாரிஸ் மெட்ரோவில் தள்ளுவண்டி

குழந்தைகளோடு பாரிஸ் போய் வந்தவர்களைக் கேட்டால் ஈஃபிள் கோபுரத்தைப் பற்றித்தான் சொல்வார்கள், மெட்ரோ ரயில் நிலையப் படிக்கட்டுகளைப் பற்றி ஏன் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை? 1900-இல் திறந்த மெட்ரோ, சரி, அன்றைக்கு லிஃப்ட் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். அதற்கப்புறம் ஒரு நூற்றாண்டே போய்விட்டதே! 1998-இல் வந்த 14-ஆம் தடத்தில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. பழைய தடங்களில் போனால் குழந்தையை உட்காரவைத்த தள்ளுவண்டியைத் தூக்கு, இறக்கு, மறுபடியும் தூக்கு.

சாத்லே நிலையத்தில் ரயில் மாறிப் பாருங்கள். முடிவே இல்லாத நடைபாதை, கொஞ்ச தூரம் உருட்டினால் படி, ஏறி முடித்தால் இறங்கப் படி. முன்சக்கரத்தை நண்பர் பிடிக்க, கைப்பிடியை நான் பிடிக்க, பின்னால் மாட்டியிருந்த பையிலிருந்து தண்ணீர் பாட்டில் விழுந்து படிப்படியாக உருண்டோட, அதுவரை நன்றாகத் தூங்கிய சின்னவன் எழுந்து வீறிட்டு அழுகிறான். அந்த நேரம் பார்த்துப் பெரியவளுக்கு அவசரம். கழிப்பறையா? பெரும்பாலான நிலையங்களில் கிடையாது! இதற்குள் முன்னால் போன நண்பரின் மனைவியும் பிள்ளைகளும் ரயிலில் ஏற, பீப் ஒலித்துக் கதவு மூடிவிட்டது. இனி அடுத்த நிலையத்தில் அவர்களைத் தேட வேண்டும்.

எங்களுக்காவது தூக்கக் கை இருந்தது. தனியாகக் குழந்தையோடு வரும் தாய் என்ன செய்வாள்? சக்கர நாற்காலியில் இருப்பவர் இந்த ஊரில் மெட்ரோவில் எப்படித்தான் போவார்?