லெமனேட் கடைக்கு முதல் போட்டது யார்?

அமெரிக்க நகரங்களில் கோடை வந்தால் வீட்டு வாசலில் பிள்ளைகள் லெமனேட் கடை போடுவார்கள். எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ், கப் எல்லாம் பெற்றோர் காசு. சாயங்காலம் டப்பாவில் சேர்ந்தது முழுக்கப் பிள்ளைக்கு. இதை லாபம் என்று சொல்லிக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. முதலைக் கைமாத்தாகக் கொடுங்கள், நோட்டில் எழுதச் சொல்லுங்கள். செலவு 14 டாலர், ஒரு கப் 1 டாலர் என்றால் 15-வது கப்பில்தான் லாபம் தொடங்குகிறது. அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். ஐந்து டாலரை நீட்டி "மிச்சத்தை நீயே வெச்சுக்கோ" என்பவர்கள் நிறைய வருவார்கள். அந்த நாலு டாலரைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும். விற்பனையோடு சேர்த்தால் அடுத்த வாரக் கணக்கு தப்பாகப் போகும்.

விலை முழு டாலராக இருக்கட்டும். 75 சென்ட் என்று வைத்தால் ஒவ்வொரு கப்புக்கும் சில்லறை தேட வேண்டும். போணிக்கு முன்பே டப்பாவில் ஒரு டாலர் நோட்டுகள் இருபதாவது வேண்டும்.

சரக்கில் பெரும்பாலும் சொதப்புவது சர்க்கரை. சில்லென்ற தண்ணீரில் அது மெதுவாகத்தான் கரையும், பாதி அடியில் தங்கிவிடும். முதல் கப் புளிக்கும், கடைசி கப் திகட்டும். 200 கிராம் சர்க்கரையை 240 மில்லி தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து (இது பெரியவர் வேலை) ஆறவிடுங்கள். அதில் ஐந்தாறு பழத்தின் சாறு, 240 மில்லி, பிறகு குளிர்ந்த தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக. கப்புக்கு 180 மில்லி வீதம் எட்டு கப் தேறும். பழத்தை ஒட்டப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கும். கொட்டைகளை வடிகட்டிவிடுங்கள்.

ஐஸை ஜாடியில் போடவே கூடாது. அரை மணியில் உருகி மொத்தமும் நீர்த்துவிடும். தனிப் பெட்டியில் வைத்து, கரண்டியால் கப்பில் மட்டும் போட வேண்டும். காசு வாங்கும் பிள்ளை வேறு, ஊற்றும் பிள்ளை வேறு. ஜாடிக்கு மூடி அவசியம், இனிப்புக்குக் குளவி வரும். மிஞ்சியதை மறுநாள் விற்கக் கூடாது.

இடம்தான் கடைசிச் சிக்கல். நடைபாதையில் சக்கர நாற்காலி தாராளமாகப் போக நாலடியாவது விட வேண்டும். கார்கள் சட்டென்று நிற்கும் வளைவு வேண்டாம். அனுமதி விஷயம் ஊருக்கு ஊர் மாறும். யூட்டா மாநிலத்தில் 2017-லேயே, 18 வயதுக்குக் கீழுள்ளவர்கள் எப்போதாவது நடத்தும் கடைக்கு உரிமம் கேட்கக் கூடாது என்று சட்டம் வந்தது. டெக்சாஸில் 2019-ல் வந்தது. ஆனால் டெக்சாஸ் சட்டம் பேசுவது தனியார் இடத்தையும் பொதுப் பூங்காவையும்தான். நடைபாதை அதில் இல்லை. அங்கே இருப்பவர்கள் மேசையை இரண்டடி பின்னால் தள்ளி, சொந்தப் புல்தரைக்குள் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.