ஷட்டரில் ஒட்டினால் போதுமா?

மாட்டுப் பொங்கலன்று அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யப் போனபோது, முன்கூட்டிச் சொல்லாமல் பூட்டியிருந்த லேப் வாசலில் ஒரு போட்டோ எடுத்துப் போட்டிருந்தேன். அதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இதைப் பற்றி கூகுளில் நான் எழுதிய ரிவ்யூவுக்குக் கீழே இன்று காலை லேப்காரர்கள் போட்டிருக்கும் பதிலைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "பண்டிகைக்கு விடுமுறை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்கிறார்கள்.

எனக்குத் தெரியாது. போன வருஷம் இதே மாட்டுப் பொங்கலுக்கு நீங்கள் திறந்திருந்தீர்கள். இந்த வருஷமும் கூகுளில் காலை 6.30 என்றுதான் இருந்தது. ஃபாஸ்டிங் சுகர் பார்க்கக் குறைந்தது எட்டு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 6.30-ஐ நம்பித்தான் அம்மா முந்தின ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, விடியும் முன்னே ஆட்டோ ஏறினார். வந்து பார்த்தால் ஷட்டரில் ஒரு ஏ4 பேப்பர். '15 முதல் 18 வரை விடுமுறை.' நாலு மூலையிலும் செலோடேப் போட்டு நேர்த்தியாக ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் பேப்பரை யார் படிப்பார்கள்? வந்து நின்றவர்கள்தான் படிப்பார்கள். வராமல் இருக்க வேண்டியவர்களுக்கு அதனால் என்ன பயன்? அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

லீவே விடக் கூடாது என்கிறேனா? தாராளமாக விடுங்கள். லேபில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் ஊருக்குப் போக வேண்டாமா? நாலு நாள் என்ன, ஒரு வாரம்கூட விடுங்கள். முன்கூட்டியே சொல்லுங்கள் என்பது மட்டும்தான் என் பேச்சு.

போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். பண்ணினேன், யாரும் எடுக்கவில்லை. பூட்டிய கடையில் யார் எடுப்பார்கள்? 'பண்டிகையால் நேரம் மாறலாம்' என்று கூகுளே காட்டுமே என்றார் இன்னொருவர். உரிமையாளர் உறுதி செய்யாத எல்லாக் கடைக்கும் அந்த வரி வருகிறது. அதை வைத்து எது திறந்திருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கடையின் கூகுள் கணக்கில் சிறப்பு நேரம் என்று ஓர் இடம் இருக்கிறது. தேதியைப் போட்டு, மூடியிருக்கும் என்று குறித்துவிட்டால் முடிந்தது. அந்தத் தேதிகள் கழிந்ததும் வழக்கமான நேரம் தானாகவே திரும்பிவிடும். தொடர்ந்து ஏழு நாளோ அதற்கு மேலோ பூட்டுவதாக இருந்தால் மட்டும் தற்காலிகமாக மூடப்பட்டது என்று போட வேண்டும். திறந்திருக்கும் கடைகளும் பண்டிகை நேரத்தை உறுதி செய்து வைத்தால் வருகிறவர்கள் தயங்காமல் வருவார்கள். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடை அக்கா ஒவ்வொரு பண்டிகைக்கும் இதைச் சரியாகச் செய்கிறார். கேட்டால், "பாவம், பஸ் காசு போட்டு வர்றாங்கல்ல" என்பார். ஒற்றை ஆளாகக் கடை நடத்தும் அவருக்கு முடிகிறது.

சின்னக் கடைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டீக்கடையைக் கேட்கவில்லை. இந்த லேபின் கவுன்டரிலேயே க்யூஆர் அட்டை இருக்கிறது, ஸ்கேன் பண்ணி ஐந்து ஸ்டார் போடச் சொல்லி. ஸ்டார் வாங்கத் தெரிகிறது, நேரம் மாற்ற மட்டும் தெரியாதா?

இன்னொன்றையும் யோசியுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அப்பா அம்மாவை டெஸ்டுக்குக் கூட்டிப் போக இந்தப் பொங்கல் லீவுதான் கிடைக்கிறது. உள்ளூர்க்காரர்கள் பக்கத்துக் கடையில் விசாரித்துக்கொள்வார்கள். நாங்கள் போனைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். 18-ம் தேதி ராத்திரி எனக்கு பஸ். அம்மா இனி யாரோடு போவார்?

அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்து, பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்த பன்னைச் சர்க்கரை போடாத டீயில் நனைத்துக்கொண்டே, "அவுகளும் பொங்க வைக்கணும்ல, விடுப்பா" என்றார். கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் விட்டுவிடுவார். வயதானவர்கள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து விடுகிறார்கள், அதனால்தான் அவர்களை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. என்னால் விட முடியவில்லை.

லேப்காரர்களே, அடுத்து குடியரசு தினம் வருகிறது. உங்கள் பக்கத்தில் 26-ம் தேதிக்கும் காலை 6.30 என்றேதான் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். திறப்பீர்களா மாட்டீர்களா என்பதை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.